முடக்கப்பட்ட கணக்கும் விசாரிக்கப்படாத சாட்சியும்: ஒரு தங்குவிடுதி ஊழியரின் 5 மாதங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அலுவலகங்களுக்குத் துணைக்குப் போவேன். 2024 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அப்படிக் கூடவே இருந்து பார்த்த ஒரு விவகாரத்தை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட தம்பியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரையோ கம்பெனி, வங்கி, காவல் நிலையம் ஆகியவற்றின் பெயர்களையோ சொல்லவில்லை. இதே சிக்கலோடு எங்களிடம் வருகிறவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

பின்னணி

அவருக்கு 31 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூர் வந்து 6 ஆண்டுகள். கட்டுமான சைட்டில் கம்பி கட்டும் வேலை. துவாஸ் பக்கம் ஒரு தங்குவிடுதியில் அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருந்தார். அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓடி (ஓவர்டைம்) சேர்ந்தால் மாதம் 1,100 வெள்ளியைத் தொடும். சாப்பாட்டுக்காரருக்கு 150, கைச்செலவுக்கும் போனுக்கும் 60 போக மீதியெல்லாம் ஊருக்கு. ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மகளிர் குழுக் கடன் ஒன்று.

தங்குவிடுதியில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தை மின்னியல் முறையில் கணக்கில்தான் போட வேண்டும் என்பது விதி. ரொக்கமாகக் கொடுக்கும்போது நடந்த ஏமாற்று வேலைகளைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதன் காரணமாகவே இவர்களுக்கு அந்த ஒரு கணக்குதான் எல்லாம். அது நின்றால் சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கக்கூடக் கையில் காசு இருக்காது.

போன் விற்ற மாலை

2024 பிப்ரவரி 18, ஞாயிறு. புதுப் போன் வாங்கியிருந்தார். பழைய போனின் பில்லும் பெட்டியும் பத்திரமாக இருந்ததால், விடுதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 380 வெள்ளிக்கு விற்கப் போட்டார். தமிழில் ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணே, நான் எடுத்துக்கிறேன். சாயங்காலம் வர்றேன்."

ஆறு மணிக்கு வாசலில் சந்தித்தார்கள். வந்தவர் போனைப் புரட்டிப் பார்த்தார், சற்று விலகிப் போய் யாரிடமோ பேசினார். ஐந்து நிமிடத்தில் பேநவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவை வழியாக 380 வெள்ளி வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் ஒரு சீனப் பெண்மணியுடையது. இவர் கேட்டும் இருக்கிறார். "எங்க முதலாளியம்மா பேருண்ணே. சம்பளத்துல கழிச்சுக்குவாங்க" என்று பதில் வந்தது. முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இங்கே வழக்கமான சங்கதி என்பதால் அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. போனைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

கணக்கு நின்ற நாள்

மார்ச் 7ஆம் தேதி பிப்ரவரிச் சம்பளம் ஏறியது. 9ஆம் தேதி சனிக்கிழமை விடுதி மினிமார்ட் பக்கம் இருந்த ஏடிஎம்மில் கார்டைப் போட்டார், பணம் வரவில்லை. செயலியில் 2,146 வெள்ளி தெரிந்தது, ஒரு காசும் அனுப்ப முடியவில்லை. கார்டு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் என்னிடம் வந்தார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், சைட்டில் நின்றபடியே வங்கிக்கு அழைத்தார். 40 நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த பதில் இது: காவல்துறை உத்தரவின்பேரில் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது, காரணம் சொல்ல இயலாது, விசாரணை அதிகாரி யார் என்பதைச் சரிபார்த்துச் சொல்கிறோம். அந்தச் சரிபார்ப்புக்கு 11 நாட்கள் ஆயின.

காவல்துறை என்ற சொல்லே அவரைக் கலங்கடித்துவிட்டது. அன்றிரவு போனில் அவர் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. "பெர்மிட்ட கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்களாண்ணே?" என்றுதான் கேட்டார். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை அடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முடக்கத்துக்கு அந்த 380 வெள்ளிதான் காரணமாக இருக்கும் என்பதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்கு வரலாற்றை வரி வரியாகப் பார்த்தபோதுதான் ஊகித்தோம். சம்பளமும் ஊருக்கு அனுப்பியதும் தவிர அந்தக் கணக்கில் இருந்த ஒரே வெளிவரவு அதுதான்.

நான் செய்த தவறு

மார்ச் 17, ஞாயிறு. விடுதிக்குப் பக்கத்தில் இருந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். முகப்பில் இருந்தவர் தமிழ் இளைஞர். அவர் நடந்துகொண்ட விதத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

"அண்ணே, இது எங்க நிலையத்துக் கேஸ் இல்ல. ரிப்போர்ட் நம்பர் இருந்தா எந்தப் பிரிவுன்னு பார்த்துச் சொல்வேன்" என்றார். ரிப்போர்ட் கொடுத்தவர் யாரோ. அந்த நம்பர் இவருக்கு எப்படித் தெரியும்? அந்த இளைஞர் 20 நிமிடம் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார். எங்கும் தகவல் கிடைக்கவில்லை. கடைசியில், "நீங்களே இப்ப ஒரு ரிப்போர்ட் கொடுத்துடுங்க. போன் வித்த கதைய அப்படியே சொல்லுங்க" என்றார்.

வேண்டாம் என்று நான் தடுத்தேன். விசாரணை அதிகாரி யார் என்றே தெரியாமல் எழுதிக் கொடுத்தால் அது இவருக்கு எதிராகத் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். இந்த விவகாரத்தில் ஆகப் பெரிய தவறு என்னுடையது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்போது விடுதி வாசல் கேமராப் பதிவு அழியாமல் இருந்தது. ஒரு மாதப் பதிவுதான் இருக்கும் என்று விடுதி மேலாளர் பிறகு சொன்னார். பிப்ரவரி 18 மாலையின் பதிவு மார்ச் 19 வாக்கில் போயிருக்கும். எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முடக்குவது ஏன், சட்டம் என்ன சொல்கிறது

கணக்கை முடக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. 2023ல் சிங்கப்பூரில் 46,563 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின, இழப்பு 651.8 மில்லியன் வெள்ளி. 2024ல் இழப்பு 1.1 பில்லியனைத் தாண்டியது. ஏமாந்தவர் புகார் கொடுத்த கையோடு பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தாவிட்டால், அது மணிக்கணக்கில் நாலைந்து கணக்குகள் தாண்டி நாட்டை விட்டே போய்விடும். அதற்காகத்தான் காவல்துறையில் 2019ல் மோசடிகளுக்கெனத் தனி நிலையமே அமைத்தார்கள். வங்கிகளோடு நேரடித் தொடர்பில் இருந்து கணக்குகளை விரைவாக நிறுத்துவது அதன் முக்கிய வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டையும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாள விவரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஊழியர்களும் இருக்கிறார்கள். அதற்கென்றே 2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அலட்சியமாகக் கணக்கைக் கொடுத்து மோசடிப் பணம் புழங்க வழிவிட்டாலே 3 ஆண்டுவரை சிறை, 150,000 வெள்ளிவரை அபராதம். ஆகவே மோசடிப் பணம் வந்து விழுந்த எந்தக் கணக்கையும் காவல்துறை சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

முடக்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இருந்து வருகிறது. நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. காவல்துறை அதிகாரி வங்கிக்கு எழுதினால் போதும். அதன் பிறகு 370ஆம் பிரிவு வருகிறது. கைப்பற்றிய சொத்து விசாரணைக்கு இனித் தேவையில்லை என்று அதிகாரி கருதும்போது, அல்லது கைப்பற்றி ஓராண்டு ஆகும்போது, இரண்டில் எது முந்தியோ அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். நாளுக்கு 28 வெள்ளி சம்பாதிக்கிறவருக்கு இதன் பொருள், தன் பணம் எங்கே நிற்கிறது என்று ஓராண்டுவரை ஒரு நீதிபதியும் கேட்காமலே போகலாம் என்பதுதான்.

அதே 35ஆம் பிரிவில் ஒரு வழியும் இருக்கிறது. உணவு, வாடகை, மருந்து போன்ற அடிப்படைச் செலவுகளுக்காக முடக்கிய பணத்தில் ஒரு பகுதியை விடுவிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது எனக்கு ஜூன் மாதத்தில்தான் தெரிந்தது.

ஏப்ரலும் மேயும்: பதில் இல்லாத எண்

மார்ச் 22 அன்று வங்கி ஒரு விசாரணை அதிகாரியின் பெயரையும், மேசைத் தொலைபேசி எண்ணையும், மின்னஞ்சலையும் கொடுத்தது. 24ஆம் தேதி நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்தேன். நான்கு பக்கம். குடும்ப நிலை, கடன், பிள்ளைகள், நேர்மை என்று எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். போன் விற்ற விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. பதில் இல்லை.

அழைப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். ஏப்ரல் 30 வரை 23 அழைப்புகள். அவற்றில் 21 முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டு முறை வேறு யாரோ எடுத்து, "ஐஓ (விசாரணை அதிகாரி) வெளியே போயிருக்கிறார், சொல்லிவிடுகிறோம்" என்றார்கள். ஊழியர்கள் போன் பேசக்கூடிய நேரம் மதியம் 12 முதல் 1 வரைதான். அலுவலகங்களிலும் அது சாப்பாட்டு நேரம். சைட்டில் வேலை செய்கிறவரால் வேறு எப்போது அழைக்க முடியும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 5 அன்று மார்ச் மாதச் சம்பளத்தைப் போட்டார்கள்; அது கணக்கில் ஏறாமல் கம்பெனிக்கே திரும்பிவிட்டது. அப்போதுதான் கம்பெனிக்கு விஷயம் தெரிந்தது. அதுவரை வெளியே சொல்ல அவருக்குப் பயம். அலுவலகப் பெண்மணி நல்லவர். வேறு வங்கியில் கணக்குத் தொடங்கச் சொன்னார். அங்கே விண்ணப்பத்தை ஏற்கவில்லை. பிறகு அவரே மனிதவள அமைச்சுக்கு எழுதி நிலைமையைத் தெரிவித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்தார். மாதம் பிறந்து 7 நாளுக்குள் வர வேண்டிய சம்பளம், அந்த மாதம் 19ஆம் தேதிதான் கைக்கு வந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அதிகாரி இருக்கும் பிரிவுத் தலைமையகத்துக்குத் தனியாகப் போனார். நான் வேலையில் இருந்தேன். முகப்பில் பெயரையும் பெர்மிட் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, "அதிகாரி கூப்பிடுவார்" என்றார்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதற்காக வந்திருக்கிறார் என்று தமிழில் கேட்க அங்கே யாரும் கிடைக்கவில்லை. அவருடைய ஆங்கிலம் சைட்டுக்குப் போதும்; "என் கணக்கில் வந்த பணத்தைக் கொடுத்தவனை நான் நேரில் பார்த்தேன்" என்று விளக்க அது போதவில்லை. இத்தனைக்கும் காவல்துறைக்குத் தேவையான தகவல் அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு மாதமும் எங்களைத் தின்ற விஷயம் இது. வாங்கியவனின் முகம் இவருக்குத் தெரியும். அவன் எண் இருந்தது. அவன் குரலே பதிவாக இருந்தது. விற்ற போனின் பெட்டியில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருந்தது. அதை வைத்து அந்தப் போன் எந்த சிம்மோடு இயங்குகிறது என்று தேட முடியும். அந்த மோசடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாட்சி இவர்தான். அவரைப் பட்டியலில் ஒரு கணக்கு எண்ணாக மட்டுமே வைத்திருந்தார்கள்.

மே 1, தொழிலாளர் தின விடுமுறை. அந்த இளைஞர் மார்ச்சில் சொன்னதை அன்றுதான் செய்தோம். தம்பியின் சிங்பாஸில் நுழைந்து, இணையம் வழியாகப் புகார் பதிவு செய்தோம். தேதி, நேரம், தொகை, வாங்கியவனின் எண், ஐஎம்இஐ என்று எட்டே வரி. புகார் எண் கிடைத்தது. அந்த எண்ணைச் சொல்லி மே 9 அன்று அழைத்தபோது, முதல்முறையாக ஒருவர் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: பழைய விசாரணை அதிகாரி மார்ச் கடைசியிலேயே வேறு பிரிவுக்கு மாறிவிட்டார். வேறொருவருக்கு ஒதுக்கப்படும்.

ஆக, அதன் பிறகு நாங்கள் அழைத்ததெல்லாம் ஆள் இல்லாத மேசைக்கு. மின்னஞ்சலும் அப்படியே போயிருக்கும். மாற்றலாகிப் போனது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த எண்ணை இன்னொரு மேசைக்குத் திருப்பிவிடுவதும், அந்த முகவரிக்கு ஒரு தானியங்கிப் பதில் வைப்பதும் அரை மணி நேர வேலை. எந்தக் கதவைத் தட்டினாலும் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ப் பொதுச் சேவை தனக்கே வகுத்துக்கொண்ட கொள்கை. இங்கே அப்படிச் சேர்க்க முயன்றவர் அந்த முகப்பு இளைஞர் ஒருவர்தான். அவரிடமும் அதற்கான வழி இருக்கவில்லை.

ஜூன்: எடுத்த முடிவுகள்

மே முழுவதும் புது அதிகாரியிடமிருந்து அழைப்பு இல்லை. ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும். மனைவி மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டினார். "திருட்டுக் கேஸ்ல மாட்டிக்கிட்டாராம்" என்று ஊரில் பேச்சு கிளம்பியதுதான் பணக் கஷ்டத்தைவிட அவரை அதிகம் வாட்டியது. இரண்டு ஞாயிறு அவர் தேக்காவுக்கே வரவில்லை. அறைத்தோழர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, சரியா சாப்பிட மாட்டேங்கிறான்" என்றார்.

ஜூன் 9 அன்று, ஊழியர் விவகாரங்களில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரை இலவச ஆலோசனைக்குச் சந்தித்தோம். மூன்று வழிகளைப் பேசினோம். முதலாவது, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போவது. அங்கேயும் கடைசியில் அதே துறைக்குத்தான் கடிதம் எழுதுவார்கள். அதைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இரண்டாவது, அடிப்படைச் செலவுக்காக நீதிமன்றத்தை நாடுவது. அதற்கு நாளும் செலவும் ஆகும், ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தால் பலன் இருந்திருக்கும். மூன்றாவது, சேவைத் தரம் குறித்த கருத்தாக அந்தத் துறைக்கே முறைப்படி எழுதி, நீதிமன்றத்தை நாடவிருப்பதையும் அதில் தெரிவிப்பது. மூன்றாவதை எடுத்தோம்.

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை ஒரே பக்கம். குற்றச்சாட்டோ கெஞ்சலோ இல்லை. நடந்தது என்ன, என்ன சான்று கையில் இருக்கிறது, இதுவரை தொடர்புகொண்ட தேதிகள், கேட்பது என்ன. கேட்டவை மூன்று: விசாரணை அதிகாரியின் பெயர், வாக்குமூலம் கொடுக்க ஒரு தேதி, தமிழ் மொழிபெயர்ப்பாளர். கம்பெனி முதலாளியும் ஒரு கடிதம் தந்தார். கணக்கில் இருக்கும் தொகையில் எவ்வளவு தாங்கள் போட்ட சம்பளம் என்று மாதவாரியாகக் குறிப்பிட்டிருந்தார். முதலாளியின் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு ஊழியரின் கையெழுத்துக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அதைப் பயன்படுத்தினோம்.

ஜூன் 12 அன்று அனுப்பினோம். 18ஆம் தேதி புது விசாரணை அதிகாரியே அழைத்தார்.

வாக்குமூலம்

ஜூன் 25, செவ்வாய். இரண்டாவது சம்பளமில்லா விடுப்பு. நான் வெளியே காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, ஓர் இடத்தில் தேதியைத் திருத்திய பிறகே கையெழுத்து வாங்கினார்கள். வாக்குமூலத்தை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது ஒழுங்காக நடந்தது.

புது அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார் என்று தம்பி சொன்னார். குரல் பதிவையும் உரையாடலையும் நகல் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் இருந்த எண்ணைப் படம் பிடித்தார்கள். பிறகு அதிகாரி கேட்ட கேள்வி, "விடுதி வாசலில் கேமரா இருக்கிறதா?" என்பது. இருக்கிறது. பதிவு இல்லை. வாங்கியவனின் எண்ணும் அதற்குள் செத்துப்போயிருந்தது.

அன்று ஒரு செய்தியும் தெரிந்தது. பணம் அனுப்பியவர் ஒரு மூதாட்டி. பழைய தோழி பேசுவதுபோல் போனில் பேசி, அவசரம் என்று சொல்லி, பல கணக்குகளுக்குப் பணம் அனுப்ப வைத்திருக்கிறார்கள். அந்த 380 வெள்ளி அதில் ஒரு சிறு துண்டு. இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த தம்பி வெகுநேரம் பேசவில்லை. ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தில் நின்றபோது, "எங்கம்மா வயசு இருக்கும்ணே அவங்களுக்கு" என்றார்.

380 வெள்ளி யாருக்கு

ஜூலை நடுவில் அதிகாரி கேட்டார்: அந்த 380 வெள்ளியைத் தவிர மற்றதை விடுவிக்கலாம், அந்தத் தொகை மூதாட்டிக்குத் திரும்பிப் போக ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இவருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு பொருளைக் கொடுத்து வாங்கிய பணம் என்று மாஜிஸ்திரேட் முன் வாதாடலாம் என வழக்கறிஞர் சொன்னார். ஆனால் அதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும், மற்ற பணமும் அதுவரை நிற்கக்கூடும். நான் இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் யோசிக்கச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே ஒப்புதல் என்று சொல்லிவிட்டார். போனும் போயிற்று, பணமும் போயிற்று. மனமுவந்து கொடுத்தாரா, களைத்துப்போய்க் கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முடிவு

ஜூலை 29 அன்று முடக்கத்தை நீக்கச் சொல்லி வங்கிக்கு எழுதியதாக அதிகாரி தகவல் அனுப்பினார். வங்கியில் அந்தக் கடிதம் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போய்ச் சேர 8 வேலை நாட்கள் ஆயின. ஆகஸ்ட் 8, தேசிய தினத்துக்கு முந்தைய நாள், கணக்கு திறந்தது. 1,766 வெள்ளி இருந்தது. அவர்மீது எந்த நடவடிக்கையும் இல்லை. பெர்மிட்டும் டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டது.

அறைத்தோழர்கள் நால்வரிடம் வாங்கியிருந்த 1,450 வெள்ளியை அன்றிரவே திருப்பிக் கொடுத்தார். சங்கிலி தீபாவளிக்கு முன்பு மீண்டது. போனை வாங்கிப் போனவன் பிடிபட்டதாக எங்களுக்குத் தகவல் இல்லை.

மாற வேண்டியவை

எங்கள் பக்கம் முதலில். கணக்கு முடங்கியது என்று யார் வந்தாலும், விசாரணை அதிகாரி யார் என்று தெரியும்வரை காத்திருக்காமல் அன்றே அவர் பெயரில் புகார் பதிவு செய்ய வைக்கிறோம். புகார் எண் கையில் இருந்தால்தான் முகப்பில் இருக்கிறவருக்குத் தேட ஒரு பிடி கிடைக்கிறது. கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி விடுதிக்கும் கடைக்கும் அதே நாளில் எழுதிக் கொடுக்கிறோம். கம்பெனிக்கு மறைக்க வேண்டாம் என்று சொல்கிறோம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் அடிப்படைச் செலவுக்கான விண்ணப்பம் பற்றி வழக்கறிஞரிடம் பேசுகிறோம். விற்கிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: பணம் அனுப்பியவர் பெயரும் எதிரே நிற்கிறவர் பெயரும் வேறாக இருந்தால் பொருளைக் கொடுக்காதீர்கள், பணத்தையும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள், மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

காவல்துறைப் பக்கம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்கு முடக்கப்பட்ட நாளிலேயே அதன் உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். அதில் ஒரு பார்வை எண்ணும், எந்தப் பிரிவு என்பதும், "இந்தப் பணம் எப்படி வந்தது என்று இங்கே எழுதுங்கள்" என்று ஓர் இணைப்பும் நான்கு மொழிகளில் இருக்கட்டும். குற்றவாளியாக இருந்தால் அவர் எழுத மாட்டார், அல்லது பொய் எழுதுவார். சாட்சியாக இருந்தால் முதல் வாரத்திலேயே முகம், எண், குரல், கேமரா எல்லாம் கிடைத்துவிடும். அந்த மூதாட்டியின் மற்ற பணமும் யாரிடம் போனது என்பதற்கு ஒரு நூல் அதில் இருந்திருக்கலாம். அதிகாரிகள் மேசையில் எத்தனை கோப்புகள் குவிந்திருக்கும் என்பதை நான் அறியாதவன் இல்லை. அந்தக் குவியலைக் குறைக்கவும் இது உதவும் என்றே நம்புகிறேன்.

இதையெல்லாம் செப்டம்பரில் இன்னொரு கடிதமாக எழுதி அனுப்பினேன். 5 நாளில் கையெழுத்திட்ட பதில் வந்தது. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள்; மாற்றலாகும் அதிகாரிகளின் அழைப்புகளைத் திருப்பிவிடுவது குறித்து அந்தப் பிரிவில் நினைவூட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். குறுஞ்செய்தி பற்றி அதில் எதுவும் இல்லை. அந்தப் பதிலைத் தமிழில் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். நகல் ஒன்று கேட்டு வாங்கி, மடித்து, பெர்மிட் வைத்திருக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டார்.